வேலூர் – கோயம்புத்தூர் 54 நிமிடம் என்கிறார்களே, அப்பாவை விமானத்தில் அழைத்துப் போகலாமா?

கேள்வி: காந்திநகர் மகள் (காட்பாடி)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. இரண்டு மாதத்துக்கு முன்னால் வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்குள் தானாக நடக்கிறார். வெளியே போனால் கைத்தடி வேண்டும். அடுத்த மாதம் கோயம்புத்தூரில் எங்கள் அத்தைக்கும் மாமாவுக்கும் அறுபதாம் கல்யாணம். அப்பாவுக்கு அத்தை ஒரே தங்கை, கடைக்குட்டி. "பொறந்த வீட்டு சீர் நான் எடுத்துட்டுப் போகாம யாரு எடுத்துட்டுப் போறது?" என்று ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோதே கேட்டவர் அவர். அதனால் போவதா வேண்டாமா என்ற பேச்சே இல்லை. எப்படிப் போவது என்பதுதான் கேள்வி.

வேலூரிலிருந்து கோயம்புத்தூர் எவ்வளவு தூரம் என்று தேடிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் 315 கி.மீ., விமான நேரம் 54 நிமிடம் என்று இருக்கிறது. இன்னொன்றில் 390 கி.மீ. ரயில் கணக்கில் 365 கி.மீ. ஒரே ஊருக்கு எப்படி மூன்று தூரம் வரும்? அந்த 54 நிமிடத்தை அப்பாவிடம் படித்துக் காட்டிவிட்டேன். அவர் அதையே பிடித்துக்கொண்டார். "இங்கேர்ந்து ஆம்பூர் போற நேரம்தானே" என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

வேலூர் ஓடுதளம் இருக்கும் அப்துல்லாபுரத்திலிருந்து விமானம் இருக்கிறதா? இல்லையென்றால் சென்னை போய் ஏறுவது நல்லதா, பெங்களூரு போய் ஏறுவதா? அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் போகிறோம். செலவைப் பற்றி யோசிக்கவில்லை, அப்பாவின் கால் வீங்காமல் போய்ச் சேர வேண்டும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில்: ஓடுதளத்துப் பக்கத்து வீடு

அக்கா, எங்கள் வீடு அப்துல்லாபுரம்தான். பயணிகள் விமானம் இன்றுவரை வரவில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது பயிற்சி விமானங்கள் வந்து இறங்கும், வேலி ஓரமாக நின்று பார்ப்போம். சின்ன ஊர்களுக்கும் விமானம் விடுகிற மத்திய அரசின் உடான் திட்டத்தில் எங்கள் ஓடுதளமும் சேர்ந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. அதில் கட்டட வேலைகள் நடந்தன. ஓடுதளம் நீளம் குறைவு, சின்ன விமானம்தான் இறங்க முடியும்.

அந்தத் திட்டத்தின் முதல் விமானம் 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. நம் பக்கத்தில் சேலத்துக்கு 2018 மார்ச்சில் வந்தது, அதுவும் சென்னைக்குத்தான். நடுவில் நின்று போய், 2023 அக்டோபரில் மறுபடியும் தொடங்கியது. சின்ன ஊரிலிருந்து பெரிய ஊருக்குத்தான் முதலில் விடுவார்கள். அதனால் எங்கள் ஊரில் விமானம் வந்த பிறகும் நேராகக் கோயம்புத்தூர் போக முடியும் என்று நான் நினைக்கவில்லை. வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவன்தான் இதைச் சொல்கிறேன்.

---

பதில்: குடியாத்தம் கணக்கு வாத்தியார்

மூன்று தூரமும் சரிதான் அம்மா, அளக்கிற விதம் வேறு.

315 என்பது வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே நூல் பிடித்த மாதிரி நேர்கோடு. மலையோ ஆறோ அந்தக் கோட்டுக்குக் கிடையாது. 365 என்பது காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு, திருப்பூர் என்று தண்டவாளம் போகிற தூரம். சென்னை சென்ட்ரலிலிருந்து கோயம்புத்தூர் 495, சென்ட்ரலிலிருந்து காட்பாடி 130. கழித்துப் பாருங்கள், வந்துவிடும். 390 என்பது கிருஷ்ணகிரி போய், தர்மபுரி, சேலம் என்று சுற்றுகிற நெடுஞ்சாலை.

54 நிமிடத்தை எப்படிப் போட்டார்கள் என்று நானே போட்டுப் பார்த்தேன். விமானம் மணிக்கு 800 கி.மீ. போகும் என்று வைத்து 315-ஐ வகுத்தால் 24 நிமிடம். ஏறவும் இறங்கவும் என்று அரை மணி சேர்த்தால் 54. எந்த இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தாலும் அந்தக் கணக்கு இப்படி ஒரு விடை சொல்லிவிடும். அங்கே விமானம் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. என் மாணவர்களுக்கு நான் சொல்வது, வகுத்தல் சரியாக இருந்தால் போதாது, எதை எதால் வகுத்தோம் என்று பார்க்க வேண்டும். அப்பாவிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், ஏமாற்றமாக இருக்கும்.

---

பதில்: சத்துவாச்சாரி வண்டி

தங்கச்சி, நான் சத்துவாச்சாரியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். 14 வருஷமாக ஏர்போர்ட் சவாரிதான் எனக்குச் சோறு போடுகிறது. வைத்தியத்துக்கு வேலூர் வருகிற வங்காளக் குடும்பங்களைச் சென்னை ஏர்போர்ட் இருக்கும் திரிசூலத்திலிருந்து கூட்டி வருவது, குணமானதும் திரும்பக் கொண்டுபோய் விடுவது. என் வீட்டுக்காரிக்குச் சிங்காநல்லூர், அதனால் கோயம்புத்தூர் பக்கமும் எனக்குப் பழக்கம். உங்கள் சவாரி எனக்கே வந்தால் இரண்டு நாள் வருமானம். இருந்தாலும் சொல்கிறேன், சென்னை போய் விமானம் ஏறுகிற வழியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

ஏன் என்று நேரத்தோடு சொல்கிறேன். காலை 11 மணி விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5.30-க்கு உங்கள் வாசலில் வண்டி நிற்க வேண்டும். காட்பாடி என்பதால் பாலாற்றுப் பாலம் ஏறி வேலூருக்குள் வரமாட்டேன். சேர்க்காடு, திருவலம் வழியாக ராணிப்பேட்டை போய் வாலாஜாவில் நெடுஞ்சாலையைப் பிடிப்பேன். காவேரிப்பாக்கம் வரை நன்றாகப் போகும். அதற்கப்புறம்தான் கஷ்டம். ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ஆறுவழிச் சாலை வேலை வருஷக்கணக்காக நடந்து, எங்கே சர்வீஸ் ரோட்டில் இறக்கி விடுவார்கள் என்பது நேற்று போன எனக்கே இன்று தெரியாது. சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து சேர்ந்துகொள்ளும். 140 கி.மீட்டருக்கு மூன்று மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளாமல் நான் எந்தப் பயணியையும் ஏற்றுவதில்லை.

8.30-க்குத் திரிசூலம். பெட்டி போடுகிற கவுன்டர் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் மூடிவிடும். செக்யூரிட்டியில் அப்பா காலில் இருக்கும் உலோகத்துக்குக் கருவி சத்தம் போடும், தனியாக நிறுத்திப் பார்ப்பார்கள். சென்னை – கோயம்புத்தூர் ஆகாயத்தில் சுமார் 405 கி.மீ., நேரம் ஒன்றே கால் மணிக்குள். 12.15-க்கு இறங்கினாலும் சக்கர நாற்காலிக்காரர்களைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள். பெட்டி வந்து வெளியே வர 12.45. கோயம்புத்தூர் ஏர்போர்ட் இருக்கும் பீளமேட்டிலிருந்து அத்தை வீட்டுக்கு ஒரு அரை மணி. ஆக 5.30-க்குக் கிளம்பினவர் 1.15-க்குப் போய்ச் சேருகிறார். ஏழே முக்கால் மணி நேரம். இதில் அவர் பறந்தது ஒரு மணி சொச்சம். மேற்கே இருக்கிற ஊருக்குப் போக மூன்று மணி நேரம் கிழக்கே போயிருக்கிறார்.

காலை கோவை எக்ஸ்பிரஸ் காட்பாடிக்கு எட்டு மணி வாக்கில் வருகிறது, கோயம்புத்தூருக்கு இரண்டு மணி வாக்கில் போய்விடுகிறது. வீட்டிலிருந்து வீடு ஏழு மணி நேரம்தான். நடுவில் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கினால் போதும்.

ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருஷம் இருக்கும். குடியாத்தத்திலிருந்து ஒரு குடும்பம், கோயம்புத்தூரில் நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள். பெரியவர்கள் களைத்துப்போகக் கூடாது என்று விமானத்தில் போட்டிருந்தார்கள். சுங்குவார்சத்திரத்துக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே சாய்ந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் அசைய முடியவில்லை. நாங்கள் வாசலில் போய் நின்றபோது புறப்பாட்டுக்கு 52 நிமிடம் இருந்தது. கவுன்டரில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பாட்டியம்மா பின் சீட்டில் தாம்பாளத்தை மடியிலேயே வைத்திருந்தார், வெள்ளைத் துண்டு போட்டு மூடி. இறங்கி நடந்து திரும்பி வந்து மறுபடியும் அதே மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அதே வண்டியில் உளுந்தூர்பேட்டை, சேலம் வழியாக ஓட்டினேன். டீக்கு நிறுத்துகிற இடத்திலெல்லாம் அந்த அம்மா துண்டை விலக்கி வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்தார். ராத்திரி எட்டு மணிக்குப் போனோம். பெண் வீட்டார் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். காட்பாடி வந்து காலை ரயில் ஏறியிருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள். அன்றைக்கு, முன்னாலேயே அவர்களிடம் இதைச் சொல்லாமல் விட்டோமே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பெங்களூரு யோசிக்கவே வேண்டாம். விமான நிலையம் தேவனஹள்ளியில். சித்தூர், பலமனேர், முளபாகல், கோலார் என்று 200 கி.மீட்டருக்கு மேல். அந்த நேரத்தில் நீங்கள் சேலமே போய்விடலாம்.

---

காந்திநகர் மகள்

அண்ணா, வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்ததைப் படித்துவிட்டு அம்மா கண் கலங்கிவிட்டார். எங்கள் சீர் தட்டும் மடியில்தான் வரப்போகிறது. மிக்க நன்றி.

வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி அப்பாவுக்குக் கணக்கை எடுத்துச் சொன்னேன். ஒரு தாளில் தானே போட்டுப் பார்த்து, "சரி, ரயில்லயே போவோம்" என்றார். ஆனால் கோவை எக்ஸ்பிரஸில் உட்காருகிற பெட்டியில் (சேர் கார்) ஆறு மணி நேரம் காலைத் தொங்கப் போட்டு உட்கார முடியுமா? வீட்டில் ஒரு மணி நேரம் நாற்காலியில் இருந்தாலே கணுக்கால் வீங்கிவிடுகிறது. காரில் நேராகப் போனால் எப்படி?

---

பதில்: பிசியோ அக்கா (ராணிப்பேட்டை)

மூட்டு மாற்று செய்தவர்களுக்கு நடைப்பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. இரண்டு மாதத்தில் பயணம் செய்கிறார்கள், ஆனாலும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை இன்னும் தொடர வேண்டுமா, பயணத்தின்போது இறுக்கமான காலுறை போட வேண்டுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

காலை மடக்கியபடி நெடுநேரம் வைக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். விமானமோ காரோ, சீட்டுக்கு முன்னால் கால் நீட்ட இடம் இருக்காது. படுத்துப் போகிற வண்டிதான் இவருக்கு நல்லது. முழித்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். ஒரு கெண்டைக்கால் வலியோ திடீர் வீக்கமோ வந்தால் பயணக் களைப்பு என்று விடாமல் உடனே காட்டுங்கள். கழிப்பறைக்குப் போகும்போது ஒருவர் கூடவே போக வேண்டும். ஓடுகிற ரயிலில் கைத்தடியை நம்ப முடியாது. டிஸ்சார்ஜ் தாளின் நகல் கைப்பையில் இருக்கட்டும்.

---

பதில்: சத்துவாச்சாரி வண்டி

பிசியோ அம்மா சொன்னதுதான் சரி. காரில் போக இரண்டு வழி. பள்ளிகொண்டா, ஆம்பூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகப் போனால் சாலை அகலம், ஆனால் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே போக வேண்டும். வாணியம்பாடியில் திரும்பித் திருப்பத்தூர், ஊத்தங்கரை, அரூர் வழியாகச் சேலம் போனால் தூரம் மிச்சம், மஞ்சவாடி கணவாயில் வளைவு. எனக்குப் பிடித்தது இரண்டாவது வழிதான், அரூர் தாண்டி மலை நெருங்கி வருகிற இடம் கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஆபரேஷன் செய்த காலுக்கு அந்த வளைவு வேண்டாம்.

ராத்திரி ரயிலில் போங்கள். நீலகிரி எக்ஸ்பிரஸ், சேரன் எக்ஸ்பிரஸ் இரண்டும் நடுராத்திரிக்கு முன்னால் காட்பாடி வருகின்றன. விடியற்காலையில் கோயம்புத்தூர். நீலகிரி கொஞ்சம் முன்னால் போய்விடும், இருட்டில் இறங்க வேண்டியிருக்கும். சேரன் ஆறு மணி வாக்கில் போகும். அப்பாவுக்குச் சேரன்தான் சரி.

டிக்கெட் போடும்போது ஒரு விஷயம். 60 வயது தாண்டிய ஆண்களுக்கும் 45 தாண்டிய பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் போட்டால் அது கிடைக்காது. மூன்று பேரையும் ஒன்றாகப் போடாதீர்கள். அப்பா அம்மாவுக்கு ஒரு டிக்கெட், உங்களுக்குத் தனியாக ஒன்று. 60 நாள் முன்னாலேயே முன்பதிவு திறந்துவிடுவதால் இன்றைக்கே பாருங்கள்.

அப்புறம் காட்பாடியில் ஏறுவது. வண்டி இரண்டு மூன்று நிமிடம்தான் நிற்கும். என் மாமியாரை ஒருமுறை ஏற்றும்போது பெட்டி எங்கே நிற்கும் என்று பார்க்காமல் நின்றுவிட்டு, நான்கு பெட்டி தூரம் அவரைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அரை மணி முன்னால் போங்கள். பெட்டி எண் காட்டுகிற பலகைக்குக் கீழேயே அப்பாவை உட்கார வையுங்கள். ஒரு போர்ட்டரைப் பேசிக்கொள்ளுங்கள், சாமான்களை அவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் முதலில் ஏறிக் கை கொடுங்கள், அம்மா கீழே பின்னால் நிற்கட்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். இது என் மாமியாருக்கு டாக்டர் சொல்லிக் கொடுத்தது. கம்பியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், கைத்தடியை வாங்கிவிடுங்கள்.

---

பதில்: பிசியோ அக்கா (ராணிப்பேட்டை)

படி விஷயம் ரொம்பச் சரி அண்ணா. வீட்டு வாசல் படியிலேயே நான்கு நாள் பழக்கிவிடுங்கள்.

---

காந்திநகர் மகள் (ஆறு வாரம் கழித்து)

போய்ச் சேர்ந்துவிட்டோம். கோயம்புத்தூரிலிருந்துதான் எழுதுகிறேன்.

இரண்டு கீழ்ப் படுக்கையும் கிடைத்தது. எனக்கு அதே பெட்டியில் மேல் படுக்கை. டாக்டர் காலுறை போடச் சொன்னார், போட்டோம். காட்பாடியில் அண்ணன் சொன்ன மாதிரியே பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம், பெட்டிக் கதவு ஆறேழு அடி தள்ளித்தான் வந்து நின்றது. அப்பா ஒரு வாரமாக வாசல் படியில் பழகியிருந்தார். "நல்ல கால் மேல" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறினார். ஜோலார்பேட்டை வருவதற்குள் தூங்கிவிட்டார். திருப்பூரில் முழித்துக்கொண்டு, எங்கே இருக்கிறோம் என்று கேட்டு, உட்கார்ந்து தலை வாரிக்கொண்டார். தங்கையைப் பார்க்கப் போகிற முகம் அது. ஸ்டேஷனுக்கு அத்தையே வந்திருந்தார். கணுக்கால் கொஞ்சம் வீங்கியிருந்தது, தலையணை மேல் வைத்துப் படுத்ததும் மத்தியானத்துக்குள் வடிந்துவிட்டது. சீர் தட்டை அப்பாவே எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்தார், தட்டின் ஒரு பக்கத்தை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பகலில் வர வேண்டும் என்கிறார். ஏலகிரி மலையை ஜன்னலில் பார்க்க வேண்டுமாம், சின்ன வயதில் ஜோலார்பேட்டையில் இருந்தவர். நடுவில் ஈரோட்டில் சித்தப்பா வீட்டில் ஒரு நாள் தங்கிவிட்டு வருவதால் உட்காருகிற நேரம் குறைந்துவிடும். எந்தப் பக்கம் ஜன்னல் கேட்க வேண்டும் அண்ணா?

---

பதில்: சத்துவாச்சாரி வண்டி

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. வண்டி போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்தால் வலது பக்கம். திருப்பத்தூர் வரும்போதே மலை தெரிய ஆரம்பித்துவிடும், ஜோலார்பேட்டையில் கிட்டத்தில் நிற்கும், வாணியம்பாடி வரைக்கும் பார்க்கலாம். அப்பாவைத் திருப்பத்தூருக்கு முன்னாலேயே எழுப்பிவிடுங்கள். காட்பாடியில் எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள் என்று சொல்லுங்கள், காந்தி நகர் வரைக்கும் நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.